எரிமலையும் குகையும்: பதின்மூன்று பேரோடு எங்கே போவது?

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பாரிஸில் இருந்து தங்கச்சி குடும்பமும் ரொறன்ரோவில் இருந்து அண்ணா குடும்பமும் கிளிநொச்சிக்கு வருகிறார்கள். இங்கே இருக்கும் எங்களையும் சேர்த்தால் பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஐந்து பேர். மூத்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, கடைக்குட்டிக்கு நாலு. அம்மாவுக்கு எழுபத்தொன்பது. சமதரையில் எங்களை விட வேகமாக நடப்பார். படிக்கட்டைக் கண்டால் முழங்கால் மறுத்துவிடும்.

நல்லூர்த் திருவிழா, கடல், உறவினர் வீட்டு விருந்து எல்லாம் வழக்கம்போல உண்டு. இம்முறை பிள்ளைகள் தங்களுக்குள் பேசி ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள்: எரிமலை பார்க்க வேண்டும், குகைக்குள் போக வேண்டும், கோயிலைக் காட்டிச் சமாளிக்கக் கூடாது.

பெரியவர்களிடம் இருந்து நாலு யோசனைகள் வந்தன. தங்கச்சி ஸ்பெயினின் கனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயைச் சொல்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரும் போய்வந்துவிட்டார்களாம். அண்ணா அஜந்தா, எல்லோரா என்கிறார். தங்கச்சியின் கணவர் ரோசா என்ற சிறிய பஸ் ஒன்றைப் பிடித்துத் தம்புள்ள, சிகிரியா போய் வரலாம் என்கிறார். மாமாவோ, வன்னிக் காட்டிலேயே குகை இருக்கும்போது எதற்காக வெளியே அலைய வேண்டும் என்று கேட்கிறார். நாலும் நல்ல யோசனைகள்தான். ஆனால் பதின்மூன்று பேருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் யோசனை அவற்றில் இல்லை. வெளிநாட்டில் இருந்து உறவுகள் வரும் வீடுகள் வன்னியில் பல. அவர்களுக்கும் உதவும் என்பதால் கணக்கை விரித்தே எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு முதலில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் எரிமலை இல்லை. அணைந்துபோன எரிமலை என்று காட்டவும் ஒன்றும் இல்லை. தீவின் பத்தில் ஒன்பது பங்கு, பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் பிறகு மேலே வந்த மிகப் பழைய பாறை. புவியியலாளர்கள் அதைத் தொகுதிகளாகப் பிரித்தபோது வடமேற்குப் பக்கத்துத் தொகுதிக்கு எங்கள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: வன்னித் தொகுதி. வவுனியாப் பக்கம் காட்டுக்குள்ளும் வயலோரத்திலும் தலை நீட்டும் மொட்டைப் பாறைகள் அந்த வகை. மன்னார் வளைகுடாவில் 2011இல் எரிவாயு தேடித் துளைத்தபோது கடலடியில் மிக ஆழத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை தட்டுப்பட்டது. எங்களுக்குக் கிட்டிய எரிமலைப் பாறை அதுதான், பார்க்க முடியாது.

சிகிரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிமலையின் தொண்டைக்குள் உறைந்த குழம்பு, சுற்றியிருந்த மலை கரைந்துபோன பின் தனித்து நிற்கிறது என்று பயணக் கையேடுகளிலும் இணையத்திலும் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள். அது எரிமலைக் குழம்பு அன்று. அதுவும் உருமாறிய கடும்பாறைதான். சுற்றிலும் இருந்த பாறை நீண்ட காலம் தேய்ந்து போக, தேயாத பகுதி குன்றாக எஞ்சி நிற்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் ஆயிரத்துச் சொச்சம் படி ஏற்றினால் உச்சியில் வைத்து 'எரிமலை வாய் எங்கே' என்ற கேள்வி வரும்.

பிள்ளைகள் எரிமலையையும் குகையையும் ஒரே மூச்சில் கேட்டதால் நாங்களும் இரண்டையும் சேர்த்தே தேடிக்கொண்டிருந்தோம். பிரித்துப் பார்த்தால் சிக்கல் பாதியாகக் குறைகிறது. எரிமலைக்கு நாட்டை விட்டுப் போகத்தான் வேண்டும், குகைக்குத் தேவையில்லை. குகைகளும் ஒரே விதமாகப் பிறப்பதில்லை. எரிமலைக் குழம்பு ஆறாக ஓடும்போது மேற்பரப்பு ஆறி ஓடு கட்டும். உள்ளே ஓடிய குழம்பு வடிந்துவிட்டால் நீண்ட வெற்றுக் குழாய் எஞ்சும். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்து உண்டாக்கும் குகை இன்னொரு விதம். பாறையின் அடிப்பக்கம் தகடு தகடாக உரிந்து விழ, மேற்பக்கம் கூரையாக நீட்டி நிற்கும் ஒதுக்கு மூன்றாவது. நாலாவது, மனிதர் உளியால் குடைந்தது. இந்த நாலில் இரண்டைக் கிளிநொச்சியில் இருந்து தரைவழியாகவே போய்ப் பார்த்துவிடலாம்.

லான்சரோட்டே யோசனையைக் குறைத்து மதிப்பிட முடியாது. எரிமலை என்று கேட்ட பிள்ளைக்கு அதுதான் நேரான பதில். 1730 செப்டெம்பரில் தொடங்கிய குமுறல் 1736 வரை, ஆறு ஆண்டுகள் நீடித்தது. ஊர்களும் வயல்களும் குழம்புக்குள் புதைந்தன. இன்று அந்த நிலம் திமன்ஃபாயா தேசியப் பூங்கா. நிலத்துக்குச் சில மீற்றர் கீழே இன்னும் அனல். பணியாளர் குழிக்குள் காய்ந்த பற்றையைப் போட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். குழாய்க்குள் ஒரு வாளி நீர் ஊற்றினால் மறுகணம் ஆவி தூணாகச் சீறும். அந்த வெப்பத்திலேயே இறைச்சி வாட்டிக் கொடுக்கும் உணவகமும் இருக்கிறது. நாலு வயதுக் குழந்தைக்கும் இது விளங்கும். யாரும் விரிவுரை நடத்தத் தேவையில்லை. ஆனால் அந்தக் கருநிலத்தில் பிள்ளைகள் இறங்கி ஓட முடியாது. உள்வட்டத்தைப் பூங்காவின் பஸ்ஸில் இருந்தபடிதான் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அதே தீவின் வடக்கில் குவேவா டி லோஸ் வெர்டேஸ் என்ற குழம்புக் குழாய்க் குகை இருக்கிறது. லா கொரோனா எரிமலையில் இருந்து கடலடி வரை பல கிலோமீற்றர் நீளும் அந்தக் குழாயில் ஒரு கிலோமீற்றர் அளவு பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. வழிகாட்டியோடுதான் போக வேண்டும், தரை மேடுபள்ளம், சில இடங்களில் முதுகை வளைத்து நுழைய வேண்டும். கடற்கொள்ளையர்களும் அடிமை பிடிப்பவர்களும் வந்த காலத்தில் ஊர்ச்சனம் இதற்குள்தான் ஒளிந்திருந்தது.

தங்கச்சி இந்த வரலாற்றைத் தொலைபேசியில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "நிலத்துக்குக் கீழே இருந்தது போதும் பிள்ளை." வன்னியில் 2009 வரை இருந்தவர்களுக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை. பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழிக்குள் தலை குனிந்து, வெளியே என்ன விழுகிறது என்று தெரியாமல் இருந்தவருக்கு, இருட்டும் தாழ்ந்த கூரையும் வேடிக்கை ஆகாது. பயணத் திட்டம் போடுகிறவர்கள் முழங்காலைக் கேட்கிறார்கள், நீரிழிவைக் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை. வன்னி மூத்தவர்களோடு குகை பார்க்கப் போகும் எந்தக் குடும்பமும் விசாவுக்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மூடிய குகையா, வாய் திறந்த குகையா என்ற ஒரு கேள்வியிலேயே பாதித் தெரிவுகள் விழுந்துவிடும்.

மீதியை விசா கவனித்துக்கொள்ளும். ஸ்பெயினுக்குப் போக எடுக்க வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனில் இருந்து பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45 யூரோ. இங்கிருந்து போக வேண்டியவர்கள் நாலு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும். வெறும் விண்ணப்பக் கட்டணமே 450 யூரோ. மறுத்தாலும் அது திரும்பாது. அதற்கு மேல் வங்கிக் கூற்று, வேலை உறுதிக் கடிதம், காப்புறுதி, கொழும்புப் பயணம். மாமாவின் வருமானம் நெல்லும் உழுந்தும். அதை வங்கிக் கூற்றில் எப்படிக் காட்டுவது? பதின்மூன்று பேரில் ஆறு பேருக்கு நிச்சயமில்லாத ஒன்றைக் குடும்பச் சுற்றுலா என்று சொல்ல முடியாது.

தங்கச்சிக்கு ஒரு மாற்று யோசனை சொன்னேன். அவளுடைய பிள்ளைகளுக்கு மட்டும் எரிமலை காட்டுவதென்றால் விமானமே தேவையில்லை. பிரான்ஸின் நடுவில் கிளெர்மோன்-ஃபெரான் நகருக்குப் பாரிஸில் இருந்து ரயில் ஓடுகிறது. அதன் பக்கத்தில் அணைந்த எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த இடம். 1465 மீற்றர் உயரமான புயி டி டோம் உச்சிக்குப் பற்சக்கர ரயிலே ஏறுகிறது. வீட்டில் இருந்து இவ்வளவு கிட்ட இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் கடல் கடந்து லான்சரோட்டேக்குப் போகத்தான் வேண்டுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

அண்ணாவின் யோசனை என்னை அதிகம் தடுமாற வைத்தது. அஜந்தாவும் எல்லோராவும் சிற்பம், ஓவியம் என்றே எங்கள் மனத்தில் பதிந்திருக்கின்றன. அவற்றைக் குடைந்த பாறை என்ன என்று யாரும் கேட்பதில்லை. அது எரிமலைப் பாறை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் நிலம் பிளந்து, குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்தது. மேற்கே அந்த அடுக்குகள் ஒன்றரை, இரண்டு கிலோமீற்றர் தடிப்பு. டைனோசர் அழிந்த காலமும் ஏறக்குறைய அதுவே. விண்கல்லா, இந்தக் குழம்பா, இரண்டுமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பதின்மூன்று வயது மருமகனுக்கு இந்தச் செய்தி ஒன்றே போதும். அவன் பெட்டியைக் கட்டிவிடுவான்.

எரிமலையும் குகையும் ஒரே பாறையில் கிடைக்கும் இடம் என்றால் எங்களுக்கு எட்டிய தூரத்தில் இதுதான். அஜந்தாவில் குதிரை லாட வடிவில் வளையும் ஆற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவரில் 30 குகைகள், எல்லோராவில் 34. எல்லோராவின் பதினாறாவது குகையான கைலாசநாதர் கோயிலைக் குகை என்று சொல்வதே பொருந்தாது. எட்டாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் மலையை உச்சியில் இருந்து கீழ்நோக்கிச் செதுக்கி, ஒரே கல்லில் ஒரு கோயிலை விடுவித்திருக்கிறார்கள். அடித்தளத்தைச் சுற்றிலும் யானைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே வாய் திறந்த குகைகள். அம்மாவுக்கு மனச் சங்கடம் இல்லை. அஜந்தாவில் படி ஏற முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அம்மா அதில் ஏற ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை. ஓகஸ்டில் அங்கே மழைக்காலம். மலை பசுமையாக இருக்கும், அருவி விழும், ஏப்ரல், மே மாதத்து அனல் இருக்காது. அஜந்தா திங்கட்கிழமையும் எல்லோரா செவ்வாய்க்கிழமையும் பூட்டு. இதைக் கவனிக்காமல் போனால் பயணமே பாழ்.

தூரம்தான் உதைக்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா வரை இழுபட வேண்டியதில்லை. கிளிநொச்சிக்காரருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சென்னையில் இருந்து ஔரங்காபாத்துக்கு, இப்போதைய பெயரில் சத்ரபதி சம்பாஜிநகருக்கு, இன்னும் ஒரு நாளளவு ரயில் பயணம் அல்லது இடைமாறும் விமானம். அங்கிருந்து எல்லோரா 30 கிலோமீற்றர், அஜந்தா 100 கிலோமீற்றர், அதுவும் வெவ்வேறு திசைகளில். மூன்று நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒரு குடும்பம் மூன்று விதமாக இந்திய விசா எடுக்க வேண்டும். குகைச் சீட்டில் மட்டும் ஒரு வேடிக்கை: சார்க் நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அங்கே இந்தியருக்குரிய சிறிய கட்டணம்தான், அண்ணாவும் தங்கச்சியும் வெளிநாட்டவர் கட்டணம் கட்ட வேண்டும். வழக்கமாகச் செலவு அவர்களுடையது என்பதால் இதை நான் இன்னும் வெளியே சொல்லவில்லை.

ஒரு கிழமைக்குக் குறைந்து இந்தப் பயணத்தைச் செய்ய முடியாது. நாலு வயதுக் குழந்தைக்கு இரண்டாம் நாளே எல்லாக் குகையும் ஒரே குகையாகத் தெரியத் தொடங்கும். சின்னவளுக்கு எட்டு, ஒன்பது வயதாகும்போது போக வேண்டிய இடம் இது. அப்போது அம்மாவால் முடியுமா என்ற கேள்வி தொண்டையில் நிற்கிறது. ஆனாலும் அம்மாவுக்காகக் குழந்தையை இழுத்தடிப்பதும் சரியல்ல.

இனி உள்ளூர். மாமாவின் கட்சியை முதலில் கேட்போம். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமி எழுத்து வெட்டிய பாறை ஒதுக்குகள் இருக்கின்றன. அவற்றில் 'தமேட வணிஜ கஹபதி விசாக' என்று ஒரு பெயர் வருகிறது. விசாகன் என்ற தமிழ் வணிகன், ஒரு குடும்பத்தலைவன், பௌத்த துறவிகள் தங்குவதற்காகக் கொடுத்த குகை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் காட்டுவழியாக வணிகம் செய்த ஒரு தமிழனின் பெயர் கல்லில் இருக்கிறது. பாரிஸில் பிறந்த பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல குகைக் கதை எனக்குத் தெரியாது.

கதை சொல்லலாம், கூட்டிப்போகத் தயங்குகிறேன். வன்னிக் காட்டில் ஆளரவமற்ற குகை என்றால் அது கரடியின் வீடு. சிறுத்தையைவிடக் கரடிக்குத்தான் எங்கள் பக்கத்து வேட்டைக்காரரும் தேன் எடுப்பவரும் பயப்படுவார்கள். திடீரென எதிர்ப்பட்டால் முகத்தைக் கிழித்துவிடும். பாறை விளிம்பில் பெருந்தேன் கூடு தொங்கும்; ஒரு பிள்ளை கல்லெறிந்தால் போதும். யானை உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வடக்கில் இன்னும் இருக்கின்றன. இங்கே வளர்ந்த என் பிள்ளைகளுக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை பழக்கம். பாதையை விட்டு இறங்கக்கூடாது என்பதும் பழக்கம். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை காட்டைக் கண்டதும் உள்ளே ஓடும். ஐந்து பிள்ளைகளை ஒரே வரியில் நடத்திச் செல்ல என்னால் முடியாது.

நெடுங்கேணிப் பக்கம் ஒலுமடுவில் வெடுக்குநாறி மலை இருக்கிறது. உச்சியில் ஆதிலிங்கேஸ்வரர்; பாறையில் பிராமி எழுத்து. 2023இல் அங்கே விக்கிரகங்கள் உடைக்கப்பட்டதும், 2024 சிவராத்திரியன்று வழிபடப் போனவர்களைப் பொலிஸார் கைது செய்ததும் எல்லோருக்கும் தெரியும். அம்மா அங்கே போக ஆசைப்படுகிறார். அது வழிபாட்டுக்குரிய பயணம். உரிய நாளில், உரியவர்களைக் கேட்டு, பெரியவர்கள் போக வேண்டியது. பிள்ளைகளின் குகைச் சுற்றுலாவோடு அதைச் சேர்ப்பது இரண்டுக்கும் மரியாதை இல்லை. தவிர, ஏணி பிடித்து ஏற வேண்டிய மலை அது.

ஆக, எஞ்சுவது தங்கச்சி கணவரின் ரோசா பஸ். அவர் சொன்ன சிகிரியா, தம்புள்ளையோடு கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் நான் சேர்க்கிறேன். சேர்த்தால் நல்ல வட்டமாக அமைகிறது: ஏ9 வீதியால் தெற்கே இறங்கித் தம்புள்ள, அங்கே ஓர் இரவு, மறுநாள் ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைப் பக்கம் கன்னியா, பிறகு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக வீடு. போன பாதையால் திரும்பி வர வேண்டியதில்லை.

தம்புள்ள கிளிநொச்சியில் இருந்து 180 கிலோமீற்றர் அளவு. வன்னி விவசாயிக்குத் தம்புள்ள என்றால் மரக்கறிச் சந்தை. பூசணிக்காயின் விலை அங்கே விழுந்தால் இங்கே வயிறு எரியும். அதே ஊரில் பாறையின் இடுப்பில் ஐந்து குகைகள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி மன்னன் காலத்தில் தொடங்கிய கோயில். 1991இல் இருந்து உலக மரபுரிமை. பிள்ளைகள் 'கோயில் வேண்டாம்' என்று சொன்னார்களே என்றால், இதைக் கோயிலாகக் காட்டாமல் பாறையாகக் காட்டலாம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் நீட்டி நிற்கும் பாறையின் விளிம்பில் நெடுக ஒரு வெட்டுத் தெரியும். மழைநீர் பாறையின் வளைவோடு வழிந்து உள்ளே போகாமல், அந்த வெட்டில் தடைப்பட்டு வெளியே சொட்டுவதற்காகச் செதுக்கியது. நாட்டின் பழங்குகைகளில் எங்கும் இந்த வெட்டு உண்டு. ஒருமுறை காட்டிவிட்டால் அடுத்த பாறையில் பிள்ளைகளே தேடுவார்கள். இரண்டாவது குகையில் கூரை வெடிப்பில் இருந்து நீர் சொட்டி ஒரு பாத்திரத்தில் சேர்கிறது. வெளியே காய்ச்சலான வெயில் அடிக்கும்போதும் சொட்டும். அங்கே விஷ்ணுவும் நிற்பதால் அம்மாவுக்கும் குறை இல்லை.

முந்நூறுக்கு மேல் படிகள் இருக்கின்றன. ஆனால் சாய்வு மெதுவானது, இடையிடையே இருந்து இளைப்பாறலாம். குரங்குகள் பையைப் பறிக்கும். வாழைப்பழத்தைக் கையில் கொண்டுபோகக் கூடாது. மேலே செருப்பைக் கழற்ற வேண்டும். நண்பகலில் அந்தக் கல்முற்றத்தில் வெறுங்கால் வைக்க முடியாது. எல்லோருக்கும் ஒரு சோடி தடித்த காலுறை கட்டாயம். காலை எட்டு மணிக்கே ஏறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கிளிநொச்சியில் விடிய மூன்றரைக்கு வெளிக்கிட வேண்டும். முறிகண்டியில் தேங்காய் உடைக்காமல் எங்கள் பக்கத்து வாகனம் எதுவும் தாண்டாது என்பதால் அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் இதுவும் பிள்ளைகள் மனத்தில் இருக்கும் குகை அல்ல என்பதை ஒளிக்கக்கூடாது. கைவிளக்கு பிடித்து வளைந்து வளைந்து போகும் இருட்டுச் சுரங்கம் அவர்களுக்கு வேண்டும். அப்படிப்பட்ட சுண்ணாம்புக் குகை தெற்கே இரத்தினபுரி மாவட்டத்தில் வவுல்பனேயில் இருக்கிறது. உள்ளே ஓடை ஓடும், வௌவால்கள் ஆயிரக்கணக்கில். வன்னியில் இருந்து அதற்காக மட்டும் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

சிகிரியாவைப் பாதிக் குடும்பத்துக்கு மட்டும் வைக்கலாம். 180 மீற்றர் உயரம், 1200 படி, கடைசிப் பகுதி பாறையோடு ஒட்டிய இரும்புப் படி. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அருமையான ஏற்றம். அம்மாவுக்கும் சின்னவளுக்கும் சிங்கப் பாதத்துக்கு வருவதே பெரும்பாடு. குளவி கிளம்பினால் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குத் தலைக்கு 30 டொலருக்கு மேல். அண்ணாவும் தங்கச்சியும் இங்கே பிறந்தவர்கள் என்பது சீட்டு மேசையில் செல்லாது.

கன்னியாதான் இந்தப் பயணத்தில் எரிமலைக்கு மிகக் கிட்டிய பொருள், ஆனால் எரிமலை அல்ல. ஏழு சிறிய சதுரக் கிணறுகள், அடி தெரியும் ஆழம், வாளியால் அள்ளிக் குளிக்கலாம். நீரின் சூடு 40 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும்; கிணற்றுக்குக் கிணறு சற்று வேறுபடும். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் இயல்பான சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. குழம்பு எதுவும் தேவையில்லை. தீவின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் மேட்டுநிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இருக்கின்றன. பாறைத் தொகுதிகளின் வரைபடம் ஒன்றை அச்சடித்து வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு வெப்பமானியும் கொப்பியும் கொடுத்து ஏழு கிணற்றையும் அளந்து எழுதச் சொன்னால் ஒரு மணிநேரம் சத்தமில்லாமல் ஓடும். இராவணன் தாயின் ஈமக்கடனுக்காகக் கிணறு தோண்டிய கதையை அம்மா சொல்வார். பாறை விளக்கமும் அந்தக் கதையும் ஒன்றுக்கொன்று தடையில்லை.

மாலை ஐந்து மணிக்குள் ஹொரவப்பொத்தானையைத் தாண்டிவிட வேண்டும். பொழுதுபட்டால் அந்த வீதியில் யானை ஏறும்.

சுண்ணாம்புக் குகைக்குப் பதிலாக யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு. நல்லூருக்குப் போகும் நாளில் புத்தூர்ப் பக்கம் எட்டிப்பார்த்தால் முடிந்தது. நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குடைந்த வெளியின் மேற்கூரை இடிந்து விழுந்தால் இப்படி ஒரு கிணறு கிடைக்கும். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

எரிமலைக்கு என்ன வழி? கால் தேய்க்கும் நுரைக்கல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். செயற்கைக் கல்லும் அதே விலையில் விற்கிறார்கள்; இயற்கையானதாகப் பார்த்து எடுக்க வேண்டும். எரிமலை கக்கும்போது வாயு நுரைத்து, நுரையோடு உறைந்த கல் அது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தபோது இத்தகைய கற்கள் இந்தியப் பெருங்கடலில் திட்டுத்திட்டாக மிதந்தன. வாளிக்குள் கல் மிதப்பதைக் கண்டால் அம்மா இராமர் பாலம் என்பார், மருமகன் இல்லை என்பான். அந்த வாக்குவாதத்துக்காகவே வாங்கினேன்.

ஆகவே இந்த ஓகஸ்டுக்குத் தம்புள்ள–கன்னியா வட்டம், இரண்டு நாள். சிகிரியாவுக்கு அண்ணா, தங்கச்சியின் கணவர், என் மகள், மருமகன் நாலு பேர் மட்டும். மற்றவர்கள் தம்புள்ளையில் விடுதியிலேயே இருக்கலாம். பெரியபுளியங்குளத்துக்கு மாமாவும் நானும் மட்டும், அனுமதி கேட்டு, மழைக்கு முன் ஒருநாள் போய்ப் படம் எடுத்து வருவோம். எல்லோராவுக்குச் சின்னவளின் வயதைப் பார்த்து நாள் குறிப்போம். ரோசா பஸ்காரர் முற்பணம் கேட்டிருக்கிறார். காலுறைக் கணக்கு இன்னும் வரவில்லை. பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் பிள்ளைகளின் கால் அளவை இந்தக் கிழமைக்குள் அனுப்பிவைக்கட்டும்.